மாப்பிள்ளை அளந்த கருங்கல் வீடு

"...அதத்தான் வே கேக்கேன். நான் கட்டியிருக்கது வீடா, வெடிகுண்டா? மாப்பிள்ளை பையிலருந்து ஒரு சின்ன டப்பிய எடுத்தாரு, தரையில வச்சாரு. அது டிக்கு டிக்குங்குது. அன்னைக்குத்தான் பால் காய்ச்சு! மேல அடுப்புல பால் பொங்குது, கீழ தரை டிக்கு டிக்குங்குது. ஒரு மனுசன் எதைப் பாப்பான், சொல்லும்?"

தென்காசி ரயில் நிலைய வாசலில், என் பையைப் பிடுங்கித் தன் ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டே குற்றாலிங்கம் அண்ணாச்சி இப்படிக் கேட்டார். பேச்சின் முதல் பாதியைப் பிளாட்பாரத்திலேயே ஆரம்பித்துவிட்டார். எஞ்சின் சத்தத்தில் அது எனக்குக் கேட்கவில்லை. பரவாயில்லை. அவர் பேச்சில் எந்த நிறுத்தத்தில் ஏறினாலும் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அண்ணாச்சி பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். என் தம்பி அவருக்குக் கீழே வேலை பார்த்தவன். அந்தப் பழக்கத்தில் எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குத் திருத்துறைப்பூண்டி வரைக்கும் வந்து, முதல் பந்தியில் உட்கார்ந்து, சாம்பாரில் தேங்காய் இல்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி வருத்தப்பட்டுவிட்டுப் போவார். இந்த முறை அவர் என்னை அழைத்தது விருந்துக்கு அல்ல, சாட்சிக்கு.

நான் இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர் பழுது பார்க்கிறவன். பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டாவது வரை. மற்றதைப் பழைய பேப்பர் கடையிலும் பிறர் வாயிலும் படித்தேன். என்னிடம் கதிர்வீச்சு அளக்கும் மீட்டர் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒரு வாடிக்கையாளர் வேண்டாம் என்று விட்டுப்போனது. எங்கள் ஊரில் அதற்கு வேலையே இல்லை. டெல்டாவில் எங்கே தோண்டினாலும் வண்டல்தான். அம்மியையும் ஆட்டுக்கல்லையும் விட்டால் கல் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. படித்துவிட்டு வேலை கிடைக்காத பையன்போல அது மேசை இழுப்பறையில் படுத்தே கிடந்தது. அண்ணாச்சி போன் செய்ததும், அதற்கு வேலை வந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம்.

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகள் கோமதி, புருஷனோடு பின்லாந்தில் இருக்கிறாள். இப்போது முழுகாமல் இருக்கிறாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது இந்தப் பக்கத்து வழக்கம், எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். அதற்காகவே குத்துக்கல்வலசையில் அவர் புது வீடு கட்டினார். பால் காய்ச்சுக்கு வந்த மாப்பிள்ளை தன் டப்பியைத் தரையில் வைத்துப் பார்த்தார். அங்கே ஒன்றும் சொல்லவில்லை. ஊர் திரும்பிய பிறகு போனில் சொன்னார்: "அந்த வீட்டில் பிரசவம் வேண்டாம் மாமா." மாதம் ஏற ஏற விமானத்தில் ஏற்றமாட்டார்களாம். வருவதா இல்லையா என்று இந்த வாரத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

"நீரு மீட்டர வையும். ஒண்ணுமில்லன்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லும். அம்புட்டுத்தான் சோலி" என்றார் அண்ணாச்சி.

"ஏதாவது இருந்தால்?"

"அதான் ஒண்ணுமில்லன்னு சொல்லுதேன்லா?"

முதலில் வயிற்றைக் கவனிப்போம் என்று ஓர் ஓட்டலில் நிறுத்தினார். சீசன் நேரம். குற்றாலத்துக்குப் போகிற கூட்டம் முழுக்கத் தலையில் எண்ணெயோடு அங்கேதான் உட்கார்ந்திருந்தது. இட்லி வந்தது, ரசவடை வந்தது, சாம்பார் மட்டும் வரவில்லை. கேட்டதற்குப் பரிமாறுகிறவர் சொன்னார்: "சாம்பார் கொதிச்சுக்கிட்டு இருக்கு அண்ணாச்சி. அதுவரைக்கும் சட்னிகூடப் பேசிக்கிட்டு இருங்க." ரயிலில் தூங்காமல் வந்த களைப்பு அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. எங்கள் ஊரில் சாம்பார் தாமதமானால் மன்னிப்புக் கேட்பார்கள். அதைத் தொட்டுக்கொள்ள முடியாது.

வீட்டு வாசலில் இறங்கினோம். தெருவில் மற்ற வீடுகளுக்கெல்லாம் மினுங்குகிற டைல்ஸ். இவர் வீட்டில் வாசற்படி, தரை, மாடிப்படி, சமையல் மேடை, துணி துவைக்கிற இடம் எல்லாம் கருங்கல், இல்லாவிட்டால் கிரானைட். தூரத்தில் மேற்கு மலை மேகத்தில் பாதி மறைந்து நின்றது.

"மத்தவன்லாம் டைல்ஸ் போட்டான். நான் அன்னா நிக்குல்லா, அந்த மலையில பாதியக் கொண்டாந்து போட்டுட்டேன்" என்றார்.

அவர் மனைவி சொர்ணம் மதினி சுக்குக் காப்பியோடு வந்தார். "மீதிப் பாதிய மாடியில போடணும்னு நின்னாக. கொத்தனார் ஓடிப் போயிட்டாரு" என்றார்.

காப்பி குடித்துவிட்டு மீட்டரை எடுத்தேன். முதலில் தெருவில் வைத்தேன். நிதானமாக, யோசித்து யோசித்து டிக் என்றது. பிறகு கூடத்துத் தரையில் வைத்தேன். அங்கே கொஞ்சம் சுறுசுறுப்பாயிற்று. அண்ணாச்சி அணிவகுப்பில் நிற்கிறவர்போலக் கையை இறுக்கி நின்றார்.

"எவ்வளவு?"

"தெருவைவிடக் கொஞ்சம் கூடுதல்."

"கொஞ்சம்னா?"

"கல் வீட்டில் இருக்கவேண்டிய கொஞ்சம்."

அவருக்கு அது பதிலாகத் தோன்றவில்லை. உட்காரவைத்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பூமி உருவானபோதே பாறையில் யூரேனியம், தோரியம், பொட்டாசியம் எல்லாம் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்ந்துவிட்டன. யாரும் கலந்ததல்ல. கருங்கல்லில் கொஞ்சம் தூக்கல். செங்கல்லில் உண்டு, சிமென்ட்டில் உண்டு, பக்கத்து வீட்டு டைல்ஸிலும் உண்டு. நேந்திரங்காய் சிப்ஸிலும் உண்டு. மனுஷ உடம்பிலும் உண்டு, மீட்டருக்குத் தெரியாத அளவில்.

மதினி குறுக்கே வந்தார். "மனுச உடம்புலயுமா? அப்ப இவுக மேல வச்சுப் பாருங்க தம்பி."

அண்ணாச்சியின் நெஞ்சில் வைத்தேன். மீட்டர் எந்த மாற்றமும் காட்டவில்லை.

"நானும் கல்யாணம் ஆன நாள்லருந்து அதத்தான் சொல்லுதேன்" என்றார் மதினி, காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டே. "உள்ள ஒண்ணும் கெடையாது."

கடைசியாகப் பிரசவ அறையைக் காட்டினார்கள். பிரசவம் ஆஸ்பத்திரியில் ஆனாலும், பிறகு மகளும் பிள்ளையும் தங்கவென்று தனியாகக் கட்டியது. தரையில் வழவழவென்று கரும்பச்சைக் கிரானைட், புதுத் தேக்குக் கட்டில், ஏசி. ஜன்னல் மேற்குப் பார்த்து, இரண்டு பெரிய கண்ணாடிக் கதவுகளோடு, தண்டவாளத்தில் நழுவுகிற மாதிரி. மூடினால் கொசுவின் பாட்டுக்கூட உள்ளே வராது என்று பெருமையாக மூடிக் காட்டினார். கதவிடுக்கில் ரப்பர் பட்டை. சாவித் துவாரத்தில் மதினி இப்போதே துணி அடைத்து வைத்திருந்தார்.

எனக்குச் சங்கடமாயிற்று. கல்லைவிட இதுதான் விஷயம். கல்லிலிருந்தும் மண்ணிலிருந்தும் ரேடான் என்று ஒரு வாயு மெல்ல மெல்லக் கசிகிறது. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. காற்றோட்டம் இருந்தால் வந்த வழியே போய்விடும். அடைத்த அறையில் தங்கிவிடும். வருஷக்கணக்கில் அதையே சுவாசித்தால் நுரையீரலுக்கு ஆகாது. நாற்பது நாளில் குடிமுழுகிவிடாதுதான். ஆனால் என் மீட்டர் அந்த வாயுவை அளக்காது, அதற்கு வேறு கருவி வேண்டும். அது எவ்வளவு இருக்கிறது என்று நான் சத்தியம் பண்ண முடியாது.

"அதுக்குத்தான ஏசி போட்டிருக்கேன்" என்றார் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, ஏசி உள்ளே இருக்கிற காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிரவைக்கும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும்."

மதினி என்னைப் பார்த்த பார்வையில், அடுத்த வேளை சாப்பாடு சந்தேகம் என்று தெரிந்தது. "தொறக்கவா? பச்சை உடம்புக்காரிய உள்ள வச்சுக்கிட்டா? இந்தச் சாரக் காத்து எலும்புக்குள்ள போயி உக்காந்துக்கிடும் தம்பி. நாப்பது நாளைக்கி ஒரு பொட்டுக் காத்து உள்ள வரப்படாது. எங்கம்மை என்னைய அப்படித்தான் வச்சிருந்தா. காதுல பஞ்சு, தலையில துணி, சன்னலுக்குச் சாக்கு."

"அதுக்குத்தான் இந்த ஜன்னலே போட்டது" என்றார் அண்ணாச்சி.

எங்கள் ஊரிலும் பிள்ளை பெற்றவளைக் காற்றிலிருந்து ஒளித்துத்தான் வைப்பார்கள். ஆனால் எங்கள் வீடுகளில் ஓட்டு இடுக்கு வழியாகக் காற்று எப்படியும் வந்துவிடும், நாங்கள் தடுத்ததாக நினைத்துக்கொள்வோம். இவர் நிஜமாகவே தடுத்துவிட்டார். அதுதான் கோளாறு.

மறுநாள் காலை அண்ணாச்சி வேறு யோசனையோடு எழுந்தார். புது வீடு ஆகாதென்றால் பழைய வீடு. ஆலங்குளத்தில் அவருடைய அண்ணன் சங்கரலிங்கம் இருக்கிற பூர்வீக வீட்டிலேயே பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம். "நாங்க எல்லாரும் அங்கனதான் பெறந்தோம். ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல" என்றார்.

ஸ்கூட்டர் கிளம்ப மறுத்தது. பேருந்தில் போனோம். கூட்டத்தில் எனக்கு ஒரு ஓர இருக்கை கிடைத்தது. மடியில் பை. அதற்குள் மீட்டரை அணைக்க மறந்துவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் ஒரு பெரியம்மா, முன் இருக்கைக்காரியிடம் பெண் பார்க்கப் போகிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "பொண்ணு நல்ல பொண்ணுதான், கொஞ்சம் உயரம் கம்மி..." என்றபோது என் பை டிக் டிக் என்றது.

பெரியம்மா சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கேட்டியாட்டி? பல்லி சொல்லுது!"

"பஸ்ஸுக்குள்ள ஏது அக்கா பல்லி?" என்றாள் முன் இருக்கைக்காரி.

"பல்லி எங்கன வேணாலும் இருக்கும். சொல்லுத எடமா முக்கியம்? சொல்லுதுல்லா?" என்றவர், உயரம் கம்மி என்ற குறையை அங்கேயே கைவிட்டுவிட்டார். இனி நான் பையைத் திறந்து அணைத்தால் ஒரு கல்யாணம் நின்றுபோகும். அணைக்கவில்லை. மேலே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த அண்ணாச்சி என் காதருகே குனிந்து, "யார் யாருக்கோ நல்லதச் சொல்லுது, எனக்கு மட்டும் சொல்ல மாட்டங்கு" என்றார்.

பாவூர்சத்திரம் தாண்டியதும் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கிச் சாலையோரம் நின்றோம். கண்டக்டர் சக்கரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நேத்து வரைக்கும் நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தது" என்றார், இறந்துபோனவரைப் பற்றிச் சொல்வதுபோல. பின்னால் வந்த வண்டியில் நின்றுகொண்டே மீதித் தூரம் போனோம்.

ஆலங்குளத்து வீடு பழைய பண்ணை வீடு. வரிசையாகக் கல்தூண்கள், தரையெல்லாம் காலால் தேய்ந்து பளபளத்த கற்பலகைகள். பெரியவர் சங்கரலிங்கம் நாற்காலியிலிருந்து எழவில்லை. தம்பியின் வீடு தன் வீட்டைவிட உயரமாகக் கட்டப்பட்டதிலிருந்து அவர் எழுந்து வரவேற்பதில்லை என்று அண்ணாச்சி முன்பே சொல்லியிருந்தார்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இந்த மிசினு நம்ம வீட்ட என்னன்னு சொல்லுதுன்னு பாப்பம்" என்றார்.

அவர்கள் எல்லோரும் பிறந்த அறை வீட்டின் நடுவில் இருந்தது. நாலு பக்கமும் கல்சுவர், மேலே கையகலத்துக்கு ஒரு துவாரம். அதையும் யாரோ எப்போதோ தேங்காய் நாரால் அடைத்திருந்தார்கள். நான் மீட்டரை வைத்ததும் அது குத்துக்கல்வலசையில் அடித்ததைவிட வேகமாக அடித்தது. அண்ணாச்சியின் முகம் தொங்கிவிட்டது.

பெரியவருக்கு அது புரியவில்லை. "என்ன? இங்கன கூடவா, கொறைவா?"

"கூட."

"அவன் வீட்டவிடவா?"

"ஆமாம்."

நாற்காலியை விட்டு எழாதவர், இப்போது அறைக்குள் நடந்தே வந்து மீட்டரைக் குனிந்து பார்த்தார். "பின்ன? பாட்டன் போட்ட கல்லுலே இது! நேத்து லாரியில வந்து எறங்குன கல்லா? ஏட்டி, இங்கன வா, பாரு! நம்ம வீடுதான் சாஸ்தி!" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அது பெருமைப்படுகிற விஷயம் இல்லை என்று விளக்கப் பார்த்தேன். அதற்குள் வெற்றிச் செய்தி தெருவுக்குப் போய்விட்டது. எதிர்வீட்டுக்காரர் வந்து, தன் வீட்டையும் பார்க்கச் சொன்னார். அவர் வீட்டில் சிமென்ட் தரை. மீட்டர் நிதானமாக நகர்ந்தது. "கம்மியாத்தான் காட்டுது" என்றேன், நல்ல செய்தி சொல்கிற குரலில்.

அவர் முகம் சுருங்கியது. "எங்கப்பா காலத்துல கை கொஞ்சம் நெருக்கடி" என்றார் மெதுவாக.

பெரியவர் எங்களை அனுப்பவே இல்லை. மதியம் சொதி வைக்கச் சொன்னார். தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு, இஞ்சிப் பச்சடியோடு. அதைச் சாப்பிட்டபோது எங்கள் வீட்டுச் சாம்பாரைப் பற்றி அண்ணாச்சி வருத்தப்பட்டது நியாயம் என்று பட்டது. பெரியவர் தன் கையாலேயே எனக்குப் பரிமாறினார். தம்பிக்கும் பரிமாறினார், ஜெயித்தவரின் தாராளத்தோடு.

திரும்பும்போது பேருந்தில் அண்ணாச்சிக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. வெளியே பார்த்துக்கொண்டே, "கோமதி பெறக்கும்போது நான் எல்லையில, பனியில கெடந்தேன் வே. லீவு தரல. அவ நடக்க ஆரம்பிச்ச பொறவுதான் மொத மொத மூஞ்சியப் பாத்தேன். யாரு இந்த ஆளுன்னு அழுதா. அவ பிள்ளையவாவது மொத நாளே தூக்கணும்னுதான் இந்த வீடு" என்றார். நான் பையில் இருந்த மீட்டரை அணைத்தேன்.

மூன்றாம் நாள், வந்ததற்குக் குளித்துவிட்டாவது போவோம் என்று ஐந்தருவிக்குப் போனோம். சாரல் பெய்தும் பெய்யாமலும் இருந்தது. வழியெல்லாம் மங்குஸ்தான், ரம்புட்டான் குவியல். நான் ஒரு பஜ்ஜிக் கடை ஓரம் நின்று, பாறையை அளக்கலாமே என்று மீட்டரை வெளியே எடுத்தேன்.

கடைக்காரர் அதைப் பார்த்தார். கரண்டி அப்படியே நின்றது. அடுத்த கணம் எண்ணெய்ச் சட்டி அடுப்பிலிருந்து இறங்கிக் கடைக்குப் பின்னால் போய்விட்டது. புதுச் சட்டி வந்தது, புது எண்ணெய் பாக்கெட் என் கண்ணெதிரே கிழிபட்டது.

"சார், சீசனுக்குத் தெனம் புது எண்ணெதான். நீங்க எந்த நேரத்துல வந்து மிசின வச்சாலும் சரி."

எண்ணெயைச் சோதிக்கிற உணவுத்துறை அதிகாரி என்று நினைத்துவிட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அண்ணாச்சி, "சாரு ரொம்பக் கறாரு. மொளகா பஜ்ஜி நாலு போடும், பாத்துட்டுச் சொல்லுவாரு" என்றார். அந்தச் சாரலில், புது எண்ணெயில் பொரித்த பஜ்ஜியை நான் குற்ற உணர்ச்சியோடும் நன்றாகவும் சாப்பிட்டேன். அன்று ஐந்தருவியில் ஒரு கடையிலாவது நல்ல எண்ணெயில் பலகாரம் போட்டது என் மீட்டரால்தான். அந்தப் புண்ணியத்தில் ஆண்டவன் என் கணக்கிலும் கொஞ்சம் எழுதுவான்.

அண்ணாச்சி துண்டோடு அருவிக்குள் போனார். நான் ஓரத்தில், காய்ந்து கிடந்த பாறை ஒன்றில் மீட்டரை வைத்தேன். அது உற்சாகமாக அடித்தது. ஆலங்குளத்துப் பாட்டன் கல்லைக்கூட மிஞ்சிவிட்டது. ஆச்சரியம் ஒன்றுமில்லை, அந்தக் கற்களெல்லாம் இந்த மாதிரி மலையிலிருந்துதானே வந்திருக்கும். அந்தப் பாறையில் சாய்ந்துகொண்டு ஒருவர் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அதன்மேல் ஒரு குடும்பமே புளிச்சோறு பிரித்து உட்கார்ந்திருந்தது. பலர் உடம்புக்கு நல்லது என்று வெகுதூரத்திலிருந்து வந்தவர்கள்.

அண்ணாச்சி சொட்டச் சொட்ட வந்தார். "எவ்வளவு?"

"உங்கள் வீட்டைவிடக் கூட."

அவர் பாறையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "அப்ப இம்புட்டுப் பேரும்?"

"திறந்தவெளி அண்ணாச்சி. இங்கே காற்று நிற்காது. வந்து குளித்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது."

நான் சொன்னதில் முதல் பாதி அவர் காதில் விழவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. மீட்டரையும் அருவியையும் சேர்த்து வீடியோ எடுக்கச் சொல்லி, ஈரக் கையோடே மாப்பிள்ளைக்கு அனுப்பினார். கீழே குரலிலும் ஒரு செய்தி: "மாப்பிள்ளை, இதுல ஊரே குளிக்குது. பாத்துக்கிடுங்க."

சாயங்காலம் அங்கிருந்து அழைப்பு வந்தது. பிரசவ அறைக் கட்டிலில் அண்ணாச்சியும் மதினியும் உட்கார்ந்தார்கள், நான் சாட்சிக்கு ஓரத்தில். திரையில் கோமதியும் மாப்பிள்ளையும். மாப்பிள்ளை செங்கோட்டைக்காரர், சத்தமில்லாமல் பேசுகிற ஆள். வீடியோ பார்த்ததாகச் சொன்னார். அருவியும் பாறையும் அழகாக வந்திருப்பதாகச் சொன்னார்.

கோமதிதான் சிரித்துவிட்டாள். "அப்பா, ஒண்ணு சொல்லவா? இங்கன எங்க பில்டிங்கும் பாறை மேலதான் நிக்குது. இந்த ரேடான் கேஸ் வருதுன்னு அடியில ஒரு ஃபேன் போட்டிருக்காங்க. ராவும் பகலும் ஓடிக்கிட்டே இருக்கு."

அண்ணாச்சி கட்டிலிலிருந்து துள்ளினார். "அப்படிப் போடு! ஏன் மாப்பிள்ளை, அப்ப உங்க வீட்டுலயும் டிக்கு டிக்குதானா? என் வீட்டுக் கல்லுக்குத்தான் இந்த ஆட்டமா?"

"இருக்கு மாமா" என்றார் மாப்பிள்ளை, அமைதியாக. "அதனாலதான் எனக்குப் பயம். கல்ல நான் குத்தம் சொல்லல. இங்க அதை வெளிய தள்ளுதாங்க. நீங்க அது வெளிய போகாதபடிக்குக் கட்டி வச்சிருக்கீங்க. அந்த ரூமுல ஜன்னல் தொறந்து இருக்கும்னா, நாளைக்கே டிக்கெட் போடுதேன்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். சாட்சி சொல்ல அழைத்து வந்த ஆள் நான். வாயைத் திறந்தால் எதிர்க்கட்சிக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "மாப்பிள்ளை பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை" என்றேன். "ஆனால் அவர் கேட்பது நியாயம்."

மதினி போனைத் தன் பக்கம் திருப்பினார். "நியாயமா? பிள்ளை பெத்தவள வாடைக் காத்துல போட்டுட்டு நியாயம் பேசுததா? நாளைக்கி அவளுக்குக் கை கால் கொடைஞ்சா அந்த மிசினா வந்து ஒத்தடம் குடுக்கும்? தொறக்க முடியாது மாப்பிள்ளை. மத்தது எது வேணும்னாலும் கேளுங்க."

"சரி அத்தை. அப்ப இங்கனயே பாத்துக்கிடுதோம். இங்க ஆஸ்பத்திரி நல்லாத்தான் இருக்கு" என்றார் மாப்பிள்ளை. குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பிள்ளைய யாருய்யா குளுப்பாட்டுவா?" என்றார் மதினி.

திரையில் கோமதி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அம்மாவ விடுங்க. அவுகளையும் விடுங்க" என்றாள். "அப்பா, நீங்க சொல்லுங்க. நான் வரட்டா, வேண்டாமா?"

அண்ணாச்சி போனை மதினி கையிலிருந்து வாங்கி என் கையில் கொடுத்தார். எழுந்து ஏசியை அணைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்குப் போய், ஒரு கண்ணாடிக் கதவின் இரு ஓரத்தையும் பிடித்து, தண்டவாளத்திலிருந்து மேலே நெம்பினார். ரப்பர் பட்டை கிழிந்தது. சாரலும் காற்றும் ஒன்றாக உள்ளே வந்து, கட்டில் விரிப்பைத் தூக்கிப் போட்டன.

"ஏன் இப்படிச் செய்யுதீக? என்ன கூத்து இது?" என்று மதினி பின்னாலேயே ஓடினார். அண்ணாச்சி கதவைத் தோளில் சாத்திக்கொண்டு கொல்லைக்குப் போய், துணி துவைக்கிற கல்லில் கிடத்திவிட்டுத் திரும்பினார். மதினி ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி அவர் தலையில் கிடந்த முந்தானையை இழுத்துக் காதை மூடிவிட்டு, மெதுவாக ஒதுக்கி நிறுத்தினார். பிறகு இரண்டாவது கதவையும் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு, மகள் நன்றாகப் பார்க்கும்படி போனுக்கு முன்னால் வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கொல்லைப்பக்கம் நடந்தார்.